பால் வருமா, வராதா?

நம்ம கிரவுண்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவுல ஒரு காலி இடம் இருக்கு, தெரியும்ல? வேலியோரமா பழைய லேத் மிஷின் ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்குமே, அதே இடம்தான். நாலு வருஷமா அது வழியாத்தான் லேபுக்குப் போறோம். அங்க எத்தனை வகைச் செடி இருக்குன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? "புல்லு இருக்கு, முள்ளு இருக்கு, ஏதோ மஞ்சப் பூ இருக்கு." அவ்வளவுதானே?

போன நவம்பர்ல மழை கொஞ்சம் விட்டதும் நான் எண்ணிப் பார்த்தேன். பூத்திருந்தது மட்டும் 43 வகை. யாரும் விதைக்கலை, தண்ணி ஊத்தலை. கார்டனிங் காண்ட்ராக்ட்காரங்க மாசத்துக்கு ஒருதடவை வந்து வெட்டிட்டுப் போறாங்க. அப்பவும் 43. இந்தக் கட்டுரை எழுதுற தேதியில 31-க்குப் பேர் தெரியும், மிச்சம் 12 இன்னும் நோட்டுல கேள்விக்குறியோட இருக்கு.

"இதுக்கு எதுக்கு நோட்டு? போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தா ஆப்பே சொல்லிடுமே"ன்னு நீங்க கேப்பீங்க. என் டிபார்ட்மென்ட்ல எல்லாரும் கேட்டாச்சு. நியாயமான கேள்விதான். ஆப் பெரும்பாலும் சரியாவே சொல்லும், நானும் வச்சிருக்கேன். ஆனா அது சொல்றது விடை மட்டும்தான். இந்தச் செடிக்கு இந்தப் பேர் ஏன் வந்துச்சு, பக்கத்துல இருக்கிற அதே மாதிரிச் செடிக்கு ஏன் அந்தப் பேர் இல்லைன்னு கேட்டா அதுகிட்ட பதில் கிடையாது. மிஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்களுக்குப் புரியும். நியூரல் நெட்வொர்க்கைக் கூப்பிட்டு "எதைப் பாத்து சொன்ன?"ன்னு கேக்குற கதை அது.

அந்த "எதைப் பாத்து?" எனக்கு ஏன் முக்கியமாச்சுன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல சாவியைப் பத்தி.

ரெண்டுல ஒண்ணு

தாவரவியல்ல கீ-ன்னு ஒரு சமாச்சாரம் உண்டு. புத்தகத் தமிழ்ல திறவுகோல். நான் சாவின்னே சொல்றேன். வேற ஒண்ணும் இல்லை, நாம முதல் செமஸ்டர்ல எழுதின இஃப்-எல்ஸ்தான். ஒவ்வொரு படியிலயும் ரெண்டு வாக்கியம் இருக்கும். கையில இருக்கிற பூவுக்கு அந்த ரெண்டுல ஒண்ணுதான் பொருந்தும். "இதழ்கள் தனித்தனி"யா, "இதழ்கள் ஒட்டிக் குழலா இருக்கு"தா? தனித்தனின்னா 2-க்குப் போ, ஒட்டியிருந்தா 40-க்குப் போ. இப்படியே போய்ப் போய்க் கடைசியில ஒரு பேர்ல முட்டி நிப்போம்.

கணக்குப் போட்டா அழகா இருக்கும். 11 கேள்வி, ஒவ்வொண்ணும் சரிபாதியாப் பிரிச்சா 2,048 செடி. 20 கேள்வின்னா பத்து லட்சத்தைத் தாண்டிடும். நிஜச் சாவி அவ்வளவு சமமாப் பிரியாது. ஒரு பக்கம் ஒரே செடியோட முடிஞ்சிடும், மறுபக்கம் ரெண்டு பக்கம் நீளும். இருந்தாலும் தத்துவம் அதேதான்: பெரிய குழப்பத்தைச் சின்னச் சின்ன முடிவா உடைக்கிறது.

இப்படி ரெண்டு ரெண்டாப் பிரிச்சு ஒரு நாட்டுச் செடிகளை எல்லாம் சாவியா எழுதி முதல்ல பேர் வாங்கினவர் லமார்க். ஆமா, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதே லமார்க்தான். 1778-ன்னு தேதி போட்ட அவரோட பிரான்ஸ் தாவரப் புத்தகத்துல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. அந்தக் காலத்துத் தாவரவியல் புத்தகம்னா லத்தீன்ல எழுதுறதுதான் வழக்கம். அவர் பிரெஞ்சுல எழுதினார். படிச்ச பண்டிதர் இல்லாதவங்களும் பூவைக் கையில வச்சுக்கிட்டுத் தானே பேரைக் கண்டுபிடிக்கணும்ங்கிறதுக்காக.

நம்ம பக்கத்துக்கு வந்தா ரெண்டு பெரிய வேலை நடந்திருக்கு. ஒண்ணு, ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள்ங்கிற வனத்துறைக்காரர் தொடங்கின சென்னை மாகாணத் தாவரப் புத்தகம். 1915-ல முதல் பகுதி வந்துச்சு. 1925-ல அவர் இறந்துட்டார். மிச்சத்தை ஃபிஷர்ங்கிறவர் எழுதி 1936-ல முடிச்சார். இன்னைக்கு இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசமாக் கிடைக்குது. இன்னொண்ணு, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கின பாதிரியார் கே. எம். மேத்யூ. தமிழ்நாட்டுச் சமவெளியையும் அதை ஒட்டின மலைகளையும் அலைஞ்சு திரிஞ்சு, 1981-லிருந்து 1983 வரைக்கும் பல தொகுதியா ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். மத்தியத் தமிழ்நாட்டுக்குன்னு கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரே தொகுதியா இன்னொண்ணையும் 1991-ல வெளியிட்டார். என் அத்தை மகள் திருச்சியில பாட்டனி எம்.எஸ்ஸி. படிக்கிறா. அவ தயவுல அந்தப் புத்தகம் ஒரு செமஸ்டர் முழுக்க என் ரூம்ல இருந்துச்சு.

நெருஞ்சி, இன்னொரு நெருஞ்சி

சாவி என்ன பண்ணும்னு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். நாளைக்கே போய் நீங்க பாத்துடலாம்.

லேத் மிஷின் பக்கத்துல தரையோட படர்ந்து மஞ்சப் பூ பூக்குதே, காய் செருப்புல குத்துமே, அது நெருஞ்சி. அதுக்குக் கொஞ்சம் தள்ளி, மணல் கொட்டி வச்ச இடத்துல இன்னொண்ணு இருக்கு. அதுக்கும் பூ மஞ்சள்தான், காயில முள்ளும் உண்டு. ஊர்ல அதை ஆனைநெருஞ்சின்னு சொல்வாங்க. பேரைக் கேட்டா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. சின்னது நெருஞ்சி, பெருசு ஆனைநெருஞ்சி.

இப்ப சாவியைத் திறங்க. கேம்பிள் மாதிரிப் பழைய புத்தகங்கள்ல ஆரம்பத்துலயே வர்ற பெரிய கேள்வி: இதழ்கள் தனியா, ஒட்டியா? நெருஞ்சிப் பூவை எடுத்து ஒரு இதழைப் பிடிச்சு மெதுவா இழுங்க. ஒண்ணு மட்டும் கழண்டு வரும், மிச்சம் நாலு அங்கேயே இருக்கும். ஆனைநெருஞ்சிப் பூவை இழுங்க. முழுசா ஒரு குழல் மாதிரி கையோட வரும். முடிஞ்சுது. முதல் கேள்வியிலயே ரெண்டும் வேற வேற தொகுதிக்குப் போயிடுச்சு.

அப்புறம் பாக்கப் பாக்க எல்லாமே வேற. நெருஞ்சிக்கு வேப்பிலை மாதிரிக் கூட்டிலை, அதுவும் ஜோடியில ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா இருக்கும். ஆனைநெருஞ்சிக்குத் தனி இலை, ஓரம் பல்பல்லா வெட்டியிருக்கும். நெருஞ்சிக்காய் காஞ்சா அஞ்சு துண்டா உடையும். ஆனைநெருஞ்சிக்காய் நாலு பட்டையா, மூலைக்கு ஒரு முள்ளா இருக்கும். ஒண்ணு ட்ரிபுலஸ், இன்னொண்ணு பெடாலியம். ஆனைநெருஞ்சிக்குச் சொந்தக்காரன் யாரு தெரியுமா? எள்ளு. ரெண்டும் ஒரே குடும்பம்.

இந்த ரெண்டு செடிக்கு எனக்கு ஆன நேரம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை முழுசும். ஆப்ல போட்டா ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ரோட்டோரம் எந்த மஞ்சப் பூவைப் பாத்தாலும் கை தன்னால இதழைப் பிடிச்சு இழுக்குது.

கருவின்னு பெருசா ஒண்ணும் வேண்டாம். நகைக்கடைக்காரங்க கண்ணுல வச்சுப் பாப்பாங்களே, பத்து மடங்கு லென்ஸ், அது ஒண்ணு போதும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வச்சுக்கிட்டுப் பூவை அதுக்குக் கிட்ட கொண்டுவரணும். முதல்தடவை ஒரு தும்பைப் பூவை அப்படிப் பாத்தப்ப, மேல் உதட்டுல இருக்கிற வெள்ளை முடியையும் அதுக்கடியில ஒளிஞ்சிருந்த நாலு மகரந்தத்தாளையும் பாத்துட்டு, ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். காலையில ஆறு மணிக்கு. அவ திட்டிட்டு லென்ஸை வாங்கினா. அரைமணி நேரம் திருப்பித் தரலை.

அவளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் எல்.கே.ஜி.-லிருந்து இங்கிலீஷ் மீடியம். ஓவரின்னு படிச்சிருக்கேன், ஸ்டேமன்னு படிச்சிருக்கேன், படம் வரைஞ்சு அஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். அவ பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் வருஷம் கிளாஸ்ல இங்கிலீஷ் லெக்சர் புரியாம ராத்திரி எங்கிட்ட உக்காந்து அவ நோட்ஸ் எடுத்திருக்கா. இப்ப நான் கேம்பிளைப் படிச்சுச் சொல்லச் சொல்ல, அவ தமிழ்ல திருப்பிச் சொல்வா. புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூற்பை, சூல்முடி. "சூற்பை மேல்மட்டமா கீழ்மட்டமா பாரு"ன்னு அவ சொன்னப்ப எனக்கு முதல்தடவையா அது நிஜமாப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சூல் வச்ச பை. பேர்லயே வேலை இருக்கு. எங்க சாவி நோட்டு முழுக்க இப்ப அவளோட சொல்லும் அவளோட கையெழுத்தும்தான்.

அப்பத்தாவோட கேள்விகள்

இப்ப அந்த "எதைப் பாத்து?" விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அப்பத்தாவுக்கு 82 வயசு. சிவகங்கைப் பக்கம் ஊர். அவங்களுக்குத் தெரியாத செடி எங்க ஊர் எல்லைக்குள்ள இல்லை. முதல் வருஷம் நான் இங்க வந்தப்ப அது எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு. கேம்பஸ்ல ஏதாவது செடியைப் போட்டோ எடுத்து சித்தப்பா வாட்ஸப்புக்கு அனுப்புவேன். சாயங்காலம் பதில் வரும், "மூக்கிரட்டையாம்", "துத்தியாம்", "நாயுருவியாம்"னு.

ரெண்டாம் வருஷக் கடைசியில அவங்களுக்குக் கண் அழுத்த நோய்னு தெரிஞ்சுது. தெரியும்போதே ரொம்பத் தாமதம். மதுரையில ஆபரேஷன் பண்ணினாங்க, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் முடியும், போனது வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப வெளிச்சம் இருட்டு தெரியும். அதோட சரி. போட்டோ விளையாட்டு நின்னு போச்சு.

ஒருநாள் போன்ல பேசும்போது, பேச ஒண்ணும் இல்லாம, "அப்பத்தா, இங்க ஒரு செடி இருக்கு, என்னன்னு தெரியலை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க:

"கிள்ளுனா பால் வருதாத்தா?"

கிள்ளினேன். "வரலை அப்பத்தா."

"தண்டைப் பிடிச்சு உருட்டிப் பாரு. உருளுதா, பட்டையா இருக்கா?"

"உருளுது."

"எலை எதுத்தாப்புல எதுத்தாப்புல இருக்கா, மாத்தி மாத்தி இருக்கா?"

"மாத்தி மாத்தி. ஒரு காம்புல மூணு, சிலதுல அஞ்சு."

"கையில ஒட்டுதா?"

"ஒட்டுது. பிசுபிசுன்னு."

"பூ மஞ்சளா, வெள்ளையா?"

"மஞ்சள்."

"நாய்வேளை. வெள்ளையா இருந்தா நல்வேளை. போயிக் கையக் கழுவு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. ஏன்னா அப்ப நான் கேம்பிளைப் படிக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. அவங்க கேட்டது அப்படியே ஒரு சாவி. ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டே பதில், ஒவ்வொரு பதிலும் பாதி ஊரை வெட்டித் தள்ளுது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க. யாரும் அவங்களுக்கு இஃப்-எல்ஸ் சொல்லித் தரலை.

அதுக்கப்புறம்தான் நம்ம செடிப் பேர்களையே நான் வேற மாதிரிக் கேக்க ஆரம்பிச்சேன். நல்வேளை, நாய்வேளை. கீழாநெல்லி, மேலாநெல்லி. தும்பை, கவிழ்தும்பை. ஜோடி ஜோடியா நிக்குதுங்க. யாரோ எப்பவோ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து, வித்தியாசம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அந்த வித்தியாசத்தையே பேரா வச்சிருக்காங்க. கவிழ்தும்பைப் பூ தலையைத் தொங்கப் போட்டுத் தரையைப் பாக்கும். பேர்லயே சாவி இருக்கு.

ரெண்டு முறையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. கேம்பிளும் மேத்யூவும் கேக்குறது யாருக்கு யார் சொந்தம்னு. தும்பையும் கவிழ்தும்பையும் அவங்க கணக்குல வேற வேற குடும்பம். துளசி வகையறாவுல தும்பை, கவிழ்தும்பை வேற பக்கம். அப்பத்தா கேக்குறது எதுக்கு ஆகும், எது ஆகாதுன்னு. தாவரவியல் சாவி பெரும்பாலும் அழுத்திக் காயவச்ச மாதிரியை வச்சுக்கிட்டும் வேலை செய்யணும். அதனால வாசனை, பிசுக்கு, ருசி இதையெல்லாம் அது அதிகமா நம்பாது. மகரந்தத்தாளை எண்ணும், சூற்பையை வெட்டிப் பாக்கும். அப்பத்தா சாவியில "கசக்குனா என்ன வாசம்?", "ஆடு வாய் வைக்குமா?" எல்லாம் உண்டு. "தண்ணியில போட்டுக் கலக்குனா கொழகொழன்னு வருதா?"ன்னு அவங்க கேட்டா அது ஆனைநெருஞ்சிக்கான கேள்வி. செஞ்சு பாத்தேன். அரை டம்ளர் தண்ணி முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஆயிடுச்சு.

ஒரு கட்டு கீழாநெல்லி

போன பொங்கல் லீவு. எங்க தெருவுல ஒரு பையனுக்கு மஞ்சக்காமாலை. பத்து வயசு இருக்கும். அவங்கம்மா வந்து அப்பத்தாகிட்ட நின்னாங்க. அப்பத்தா சொன்ன முதல் வார்த்தை, "பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தைப் பாத்துட்டு வா. அப்புறம் எங்கிட்ட வா." போயிட்டு வந்தாங்க. டாக்டர் மாத்திரை பெருசா ஒண்ணும் தரலை, ஓய்வு, சாப்பாடு, ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். ரெண்டாவதுதடவை வரும்போது அவங்க கையில வயல்லருந்து பறிச்ச ஒரு கட்டு கீழாநெல்லி.

அப்பத்தா திண்ணையில உக்காந்து ஒவ்வொரு செடியா எடுத்துத் தண்டை விரலால தடவினாங்க. கீழேருந்து மேல வரைக்கும் ஒரு தடவல். பெரும்பாலானதை மடியில வச்சாங்க. நாலை மட்டும் தனியாத் தள்ளினாங்க. "இது ஆள் வேற."

எனக்கு எல்லாமே ஒரே மாதிரித்தான் தெரிஞ்சுது, பச்சையா, சின்ன இலையா. "எப்படி அப்பத்தா?"

"கீழாநெல்லித் தண்டு மொட்டையா இருக்கும்த்தா. எலையெல்லாம் பக்கத்துல போற கிளையிலதான். இதுல தண்டுலயே எலை ஒட்டிக்கிட்டு வருது பாரு. இது மேலாநெல்லி."

அந்த நாலையும் எடுத்துட்டு மாடிக்குப் போனேன். லென்ஸ், நோட்டு, புத்தகம். நடுத்தண்டுலயும் இலை, ஆமா. இலை அடிப்பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்குது, ஆமா. பெண் பூவுல புல்லியை எண்ணினேன், 6. கீழாநெல்லிக்கு 5 இருக்கணும். சாவி போய் நின்ன பேர் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். மதராசபட்டினத்துக்காரன்னு அர்த்தம். மடியில வச்சதுலருந்து ஒண்ணை எடுத்து அதே மாதிரிப் பாத்தேன். அது ஃபில்லாந்தஸ் அமாரஸ், நம்ம கீழாநெல்லிதான். நாலுக்கு நாலும் அப்பத்தா சொன்னதும் புத்தகம் சொன்னதும் ஒண்ணு. எனக்கு முக்கால் மணி நேரம். அவங்களுக்கு ஒரு தடவல்.

இது சின்ன விஷயம் இல்லைன்னு பிறகு படிச்சப்பதான் தெரிஞ்சுது. தென்னிந்தியக் கடைகள்ல கீழாநெல்லின்னு விக்கிற காஞ்ச சரக்கைச் சோதிச்ச ஆய்வாளர்கள், அதுல வேற ஃபில்லாந்தஸ் இனங்களும் கலந்திருக்கிறதைப் பதிவு பண்ணியிருக்காங்க. கீழாநெல்லி மருந்தா வேலை செய்யுதா இல்லையாங்கிறது டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரங்களும் பேச வேண்டிய விஷயம், நான் அதுக்குள்ள போகலை. ஆனா கையில இருக்கிறது கீழாநெல்லிதானாங்கிற கேள்வி அதுக்கும் முன்னாடி வருது. அந்தக் கேள்வியைக் கேக்கத் தெரிஞ்சவங்க எங்க தெருவுல ஒரே ஒருத்தங்க. அவங்களுக்கு 82 வயசு.

அன்னைக்கு ராத்திரி எனக்குக் குறிஞ்சிப்பாட்டு ஞாபகம் வந்துச்சு. கபிலர் அதுல 99 பூக்களை வரிசையாச் சொல்றார்னு நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். பெருமையா இருக்கும். ஆனா அதுல சில பூக்கள் இன்னைக்கு எந்தச் செடின்னு அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. பேர் பத்திரமா வந்து சேர்ந்திருச்சு. இலை எதிரெதிரா, தண்டு பட்டையா, கிள்ளினா பால் வருமாங்கிறது பல பூவுக்குக் கூட வரலை. அந்தக் காலத்துல அதை யாரும் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கேட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு எல்லாம் தெரியும். அப்பத்தாவும் அப்படித்தான். பேரைச் சொல்வாங்க, கேள்வியைச் சொல்ல மாட்டாங்க. கண்ணு போனதாலதான் அந்தக் கேள்வியெல்லாம் வெளியே வந்துச்சு. கண்ணு இருந்திருந்தா நான் போட்டோ அனுப்பி, பேரை வாங்கிக்கிட்டு, சந்தோஷமா இருந்திருப்பேன். இதை எழுதும்போது மனசுக்கு என்னவோ போலத்தான் இருக்கு.

அதனால இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவங்களோடதான். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் செடிக்கு முன்னாடி உக்காந்துக்குவேன். அவங்க கேப்பாங்க, நான் பாப்பேன், ரூம்மேட் எழுதுவா. பேர் வந்தப்புறம் மேத்யூவைத் திறந்து ஒத்துப் பாப்போம். நோட்டுல ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு பத்தி: ஒண்ணு அப்பத்தா வழி, ஒண்ணு புத்தக வழி.

நீங்க ஆரம்பிக்கணும்னா

எட்டே எட்டுச் செடிக்கு நாங்க எழுதின சாவி இது. எல்லாமே நம்ம கேம்பஸ்ல இருக்கு. மழை முடிஞ்ச மாசங்கள்ல போனா எட்டையும் ஒரே நடையில பாத்துடலாம்.

1. கிள்ளினால் பால் வரும் – 2-க்குப் போக. பால் வராது – 3-க்குப் போக.

2. இடுப்பு உயரத்துக்கு வளரும், இலை தடித்து வெளுத்திருக்கும் – எருக்கு. கணுக்கால் உயரத்தைத் தாண்டாது, சின்ன இலைகள் எதிரெதிரே – அம்மான் பச்சரிசி.

3. நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் "பூ". பிய்த்தால் அதற்குள் பல குட்டிப் பூக்கள் – கிணற்றடிப் பூண்டு. அப்படி இல்லை – 4-க்குப் போக.

4. இதழ்கள் தனித்தனி – 5-க்குப் போக. ஒட்டிக் குழலாக இருக்கும் – 7-க்குப் போக.

5. காயில் முள் உண்டு – நெருஞ்சி. முள் இல்லை, காய் நீளமாகக் கடுகுக்காய் போல – 6-க்குப் போக.

6. பூ வெள்ளை, மகரந்தத்தாள் 6, பூவின் நடுவே ஒரு காம்பின் மேல் தூக்கி நிற்கும் – நல்வேளை. பூ மஞ்சள், மகரந்தத்தாள் அதைவிட அதிகம், செடி பிசுபிசுக்கும் – நாய்வேளை.

7. பூ வெள்ளை, தண்டு நான்கு பட்டை – தும்பை. பூ மஞ்சள், காயில் நாலு முள் – ஆனைநெருஞ்சி.

சில விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு வாக்கியத்தையும் முழுசாப் படிச்ச பிறகு முடிவு பண்ணுங்க. முதல் வாக்கியம் பொருந்துற மாதிரி இருக்கும், ரெண்டாவது இன்னும் நல்லாப் பொருந்தும். ஒரே ஒரு பூவை வச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு பூவாவது பாருங்க. எது சரின்னு தெரியலைன்னா ரெண்டு வழியிலயும் போய்ப் பாருங்க, ஒண்ணு சீக்கிரமே அபத்தத்துல போய் முட்டும். எருக்கம்பால் கண்ணுல படக்கூடாது, அதனால கிள்ளினதும் கையைக் கழுவுங்க. பேர் தெரிஞ்சிருச்சுங்கிறதுக்காக எதையும் வாயில வைக்காதீங்க. குன்றிமணி மாதிரி கொல்ற விஷமும் நம்ம வேலியிலதான் காய்க்குது.

இன்னொண்ணு. எட்டுச் செடிக்கான சாவியில ஒன்பதாவது செடியைக் கொண்டுபோனா அது பொய் சொல்லும். குப்பைமேனியை இதுல ஓட்டிப் பாருங்க, எங்கேயோ போய் நிக்கும். அப்ப சாவியைத் திருத்தணும். எந்த இடத்துல புதுக் கேள்வி வரணும், அந்தக் கேள்வி என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதுக்குச் செடியைப் பாத்தே ஆகணும், வேற வழி இல்லை.

மே மாசம் நான் கிளம்பிடுவேன். நோட்டை இந்த இதழோட எடிட்டர்கிட்ட குடுத்துட்டுப் போறேன். 12 கேள்விக்குறியும் அதுலயே இருக்கும். உங்க வீட்லயும் பேர் தெரிஞ்ச ஒருத்தங்க இருப்பாங்க. தாத்தா, ஆச்சி, பக்கத்துத் தோட்டத்துல களை எடுக்க வர்ற அக்கா, யாராவது. அடுத்ததடவை அவங்க ஒரு பேரைச் சொன்னா அதோட விட்டுடாதீங்க. "எதைப் பாத்து சொன்னீங்க?"ன்னு கேளுங்க. அவங்க கொஞ்சம் யோசிப்பாங்க, ஏன்னா இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. பொறுமையாக் காத்திருந்து, சொல்றதை எழுதிக்கங்க.